ஜிம்மியின் தகப்பன் யார்?

மல்லாவிக்கு அருகிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"மதிப்புக்குரிய வைத்தியர் ஐயாவுக்கு, எங்கள் நாய் ஜிம்மிக்கு ஒன்றரை வயது. தாய் பக்கத்து வளவில் நிற்கும் ஊர்நாய். செம்மஞ்சள் நிறம், கறுத்த மூஞ்சி, நெடிய கால், குறுமயிர். தகப்பன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஜிம்மிக்குப் புலிவரி. உடல் நீளம், கால்கள் கட்டை. ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் நிற்கின்றன. கூடப் பிறந்த பெட்டையோ சடைநாய். நரிக்குப் பிறந்தது என்கிறார் அயலில் ஒரு பெரியவர். அல்சேசன் கலப்பு என்கிறார் என் அண்ணன். மரபணுப் பரிசோதனை செய்தால் தெரியுமா? இனம் தெரியாமல் எப்படி வளர்ப்பது? அண்மையில் இரண்டு கோழிக்குஞ்சுகளையும் பிடித்துவிட்டான். சொறி வந்தால் மாட்டுக்குப் போடும் ஊசியையே போடலாம் என்கிறார்களே, சரியா? தடுப்பூசி அட்டையில் இனம் என்ற இடத்தில் என்ன எழுதுவது?"

சகோதரி, ஊசியைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போட வேண்டாம். நாளைக்கே யாராவது ஊசியோடு உங்கள் படலைக்கு வந்து நின்றாலும் விட வேண்டாம்.

அந்த மருந்தின் பெயர் ஐவமெக்டின். மாட்டுக்கான ஊசிமருந்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் இருக்கும். 50 கிலோ எடைக்கு ஒரு மில்லிலீற்றர் என்பதுதான் மாட்டின் கணக்கு. ஜிம்மி பத்துக் கிலோ இருப்பான் என்று வைத்துக்கொண்டால், கை சற்றுப் பிசகினாலே பல மடங்கு ஏறிவிடும். அளவு சரியாக இருந்தாலும் இன்னோர் ஆபத்து உண்டு. இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையப் பார்க்கும் சில மருந்துகளைத் திருப்பித் தள்ளும் காவல் ஒன்று நாயின் உடலில் இருக்கிறது. அதை இயக்கும் மரபணு சில நாய்களில் பழுதுபட்டிருக்கும். கொலி போன்ற ஆட்டுமந்தை காக்கும் இனங்களில் இந்தப் பழுது மிகுதி; அல்சேசனிலும் ஒரு பங்கு நாய்களில் உண்டு. அத்தகைய நாய்க்கு இந்த மருந்து கூடுதலாக ஏறினால் வாயால் நீர் வடியும், நடை தள்ளாடும், கண் தெரியாமல் போகும், நினைவு தப்பும். மூதாதையர் யாரென்று தெரியாத நாய் என்பதாலேயே நாங்கள் இங்கே எச்சரிக்கையாக இருக்கிறோம். சொறிக்கு நாய்க்கென்றே வந்த மருந்துகள் இருக்கின்றன. மிருக வைத்தியர் எடை பார்த்துக் கொடுப்பார்.

இனித் தகப்பனுக்கு வருவோம். நீங்கள் தாயைக் கூர்ந்து பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் துப்புத் துலக்க முடிகிறது.

முதலில் புலிவரி. வெறும் மஞ்சளை மீறி வெளியே தெரியும் குணம் அது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். தாயின் மஞ்சள் அதை மறைத்து வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அப்படி மறைக்கும் மஞ்சள் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த வகை நாயின் உடம்பில் ஒரு கறுப்பு மயிர்கூட முளைக்காது. உங்கள் தாய்நாய்க்கோ மூஞ்சி கறுப்பு. ஆகவே வரி தகப்பன் கொடுத்தது. அவன் வரிநாயாக இருந்திருப்பான், அல்லது வரியை உள்ளே மறைத்த கறுப்பனாகவோ, கறுப்பு மயிரே இல்லாத அந்த வகை மஞ்சளனாகவோ இருந்திருப்பான். வரிநாய்கள் இலங்கையின் ஊர்நாய்களிலேயே பழங்காலம் தொட்டு இருப்பவை. வரிக்காக வெளிநாட்டு இனத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

கட்டைக்கால் அப்படியல்ல. டாக்ஸ்ஹண்ட் போன்ற நாய்களின் காலைக் குட்டையாக்குவது ஒரே ஒரு மரபணுப் பிரதி. அதுவும் ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வேலை செய்யும். தாய் நெடுங்காலி. எனவே ஜிம்மியின் தகப்பனோ, அவனுடைய முன்னோரில் ஒருவரோ எங்கோ ஒரு வீட்டில் செல்லமாக வளர்ந்த குட்டைக்கால் நாயாக இருந்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் வேற்றினத்துக்கு உறுதியான சாட்சி இது ஒன்றுதான்.

சடைத் தங்கச்சி சொல்லும் கதை வேறு. நீள மயிர் இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் வெளிப்படும். அப்படியானால் குறுமயிர்த் தாயும் அதை உள்ளே வைத்திருந்திருக்கிறாள். சுத்தமான ஊர்நாய் என்று நீங்கள் எண்ணும் தாயின் வழியிலும் சடைநாய் ஒன்று கலந்திருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்டைநாய் பருவத்தில் நிற்கும் நாட்களில் பல கடுவன்களோடு சேரும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குத் தகப்பன் இருவர், மூவர்கூட இருக்கலாம். ஜிம்மிக்கும் தங்கச்சிக்கும் தகப்பன் ஒருவன்தான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. மடிந்த காது எதையும் சொல்லாது. ஒன்றரை வயதில் அது இனி நிமிரப் போவதுமில்லை. அண்ணனின் அல்சேசனுக்கு இந்தக் கடிதத்தில் ஆதாரம் எதுவும் கிடையாது.

நரி என்று சொன்ன பெரியவரின் பேச்சையும் நான் தட்டிவிடப் போவதில்லை. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரை எத்தனையோ வளவுகளில் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஓநாயும் செந்நாயும் இலங்கையில் இல்லை. காட்டில் வாழும் நாய்க்குடும்பத்து விலங்கு இங்கே நரி ஒன்றே. நாய்க்கும் நரிக்கும் மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் 78 தான். சேர்ந்தால் குட்டி பிறக்கும். குரோவேசியாவில் அப்படிப் பிறந்தவற்றை மரபணு மூலம் உறுதிசெய்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அது அரிதிலும் அரிது. ஊர்நாயும் நரியும் சந்தித்தால் பெரும்பாலும் நடப்பது துரத்தலும் கடிபாடும்தான். அதற்கு மேல், நரிக்குப் புலிவரி கிடையாது, கட்டைக்கால் கிடையாது. ஜிம்மியிடம் இருப்பவை இரண்டும் நரி கொடுக்க முடியாதவை. பெரியவரிடம் இதைப் பணிவாகச் சொல்லுங்கள்.

நரியைப் பற்றிப் பயப்பட வேண்டிய இடம் வேறு. பட்டப்பகலில், ஆளுக்கு அஞ்சாமல் வளவுக்குள் வந்து நாயோடு மல்லுக்கு நிற்கும் நரிக்கு விசர் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஜிம்மி அதனிடம் கடிபட்டால் தடுப்பூசி போட்ட நாயென்று இருந்துவிடாமல் அன்றே மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆளுக்குக் கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

மரபணுப் பரிசோதனை செய்யலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் தம்மிடமுள்ள இனங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுச் சதவீதம் எழுதி அனுப்புவார்கள். எங்கள் ஊர்நாய்கள் ஐரோப்பிய இனங்களிலிருந்து வந்தவையல்ல. ஆசிய ஊர்நாய்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கும் பரிசோதனை என்றால் நம்பலாம். அப்படி இல்லாதது ஏதோ தூரத்து இனத்தின் பெயரைச் சூட்டி அனுப்பிவிடும். உங்கள் ஆசையைக் குறை சொல்லவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், அந்தப் பணத்தை ஜிம்மியின் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கும் உண்ணி மருந்துக்கும் வையுங்கள் என்பேன்.

வன்னியில் ஒரு நாயின் வழியைக் கண்டுபிடிப்பது மற்ற ஊர்களை விடக் கடினம். 2008, 2009இல் சனம் மன்னார்ப் பக்கத்திலிருந்து கிழக்கே கிழக்கே நகர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டிகளின் பின்னால் நாய்களும் ஓடின. மல்லாவி நாய் விசுவமடுவில் நின்றது. கிளிநொச்சி நாய் புதுக்குடியிருப்பில் நின்றது. வீட்டுக்காரர் முகாமுக்குப் போன பிறகு தப்பிப் பிழைத்தவை காட்டோரத்தில் தாமாகக் குட்டி போட்டன. மீளக்குடியேறியவர்கள் தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் முதல் வேலையாகச் சோறு வைத்தது அந்த நாய்களுக்குத்தான். பிறகு ஏ9 வீதி திறந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் உறவினர் சாதி நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்தார்கள். உங்கள் ஜிம்மியின் வரியும் காலும் எந்த வழியால் வந்து சேர்ந்தன என்பதைச் சொல்லக்கூடியவர்களில் பலர் இன்று அந்த ஊர்களில் இல்லை.

கோழிக்குஞ்சுக்கு வருகிறேன். "வேட்டை இரத்தம், திருத்த முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2,000க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்தார்கள். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு 9 சதவீத அளவே என்று கண்டார்கள். ஜிம்மி குஞ்சு பிடித்ததற்குக் காரணம், குஞ்சு ஓடியது, அவன் இளசு, தடுக்க யாரும் அருகில் இல்லை.

நாளைக் காலை கோழிகளைத் திறந்துவிடும் முன் அவனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கூட்டிலிருந்து பத்து அடி தள்ளி இருங்கள். அவனுடைய வாலைப் பாருங்கள். ஆடிக்கொண்டிருந்த வால் ஒரு கணம் அப்படியே நிற்கும், நிமிர்ந்த காது முன்னே சாயும், வாய் மூடிக்கொள்ளும். பாய்வதற்கு முன்னான கணம் அதுதான். அந்த நேரத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் பக்கம் திரும்பினால் உடனே ஒரு துண்டுக் கருவாடோ அவித்த முட்டையோ வாயில் வையுங்கள். ஐந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் செய்ய வேண்டும். சில வாரங்களில் கோழியைக் கண்டதும் உங்கள் முகத்தைப் பார்க்கப் பழகுவான். அதுவரை கோழி வெளியே நிற்கும் நேரமெல்லாம் அவனைக் கட்டி வையுங்கள். அடிக்க வேண்டாம். அடிபட்ட நாய் நீங்கள் பார்க்காத நேரத்தில் பிடிக்கப் பழகும்.

நீள உடலும் கட்டைக்காலும் உள்ள நாய்க்கு முதுகெலும்பின் இடைத்தட்டுகள் இளவயதிலேயே இறுகி வெடிக்கும் அபாயம் உண்டு. எடை கூட விடாதீர்கள். விலாவை விரலால் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. வெறும் சோறும் குழம்பும் ஊற்றிக் கொழுக்க வைப்பதுதான் எங்கள் வீடுகளில் நடக்கும் தவறு. சோற்றைக் குறைத்து, முள் நீக்கிய மீன், முட்டை, அவித்த பூசணி சேருங்கள். வெங்காயமும் வேக வைத்த கோழி எலும்பும் வேண்டாம். உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து குதிக்க விடாதீர்கள். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கும் ஒரு கை பின்தொடைக்கும் இருக்கட்டும். முதுகைக் கூனிக்கொண்டு நின்றாலோ, பின்கால் இழுபட்டாலோ, தொட்டதும் கத்தினாலோ எண்ணெய் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மனிதருக்கான பரசிற்றமோலோ வேறு வலி மாத்திரையோ கொடுக்கவே கூடாது.

உண்ணி உங்களுக்குத் தெரிந்த எதிரிதான். காதின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டியின் கீழ் தினமும் பாருங்கள். ஊர்நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வராது என்பது தவறு. ஈறு வெளிறினால், சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், சிறுநீர் சிவந்தோ கோப்பி நிறத்திலோ போனால் அன்றே காட்டுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கிளிநொச்சியில் பணியில் இருந்தபோது ஒரு நாள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் உரப்பையொன்றை அணைத்தபடி வந்தார். உள்ளே தாயும் குட்டியும். குட்டியின் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது, வாயால் நுரை, தோலுக்குக் கீழே தசைகள் துடித்துக்கொண்டிருந்தன. குட்டி பிழைத்தது. தாய் வரும் வழியிலேயே இறந்துவிட்டிருந்தது. அவர் அன்பினால்தான் குளிப்பாட்டினார். அதனால்தான் ஒவ்வொரு முறையும் இதை எழுதுகிறேன்.

கடைசியாக அட்டை. விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டும். அரசு நடத்தும் முகாம்களில் இலவசமாகப் போடுகிறார்கள். உங்கள் பகுதியில் எப்போது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ அரச மிருக வைத்திய அலுவலகத்திலோ கேளுங்கள். நாய்களைப் பதிவதற்கு 1901ஆம் ஆண்டு முதலே சட்டம் இருக்கிறது. பிரதேச சபையில் விசாரியுங்கள். 'இனம்' என்ற இடத்தில் கூச்சமில்லாமல் 'கலப்பு' என்று எழுதுங்கள். ஜிம்மி தொலைந்தால் கண்டுபிடிக்க உதவுவது அடுத்த வரிதான். அதில் இப்படி எழுதுங்கள்: கடுவன், புலிவரி, கட்டைக்கால், ஒரு காது மடிந்தது. எந்தக் காது, இடதா வலதா என்பதையும் மறக்காமல் குறியுங்கள்.