தள்ளுபடிப் பெருங்கடைகள்: மலிவு எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரிய தள்ளுபடிக் கடைகளை எதிர்ப்பவர்கள் சிறு வணிகர்களின் அழிவைச் சொல்கிறார்கள். ஆதரிப்பவர்கள் விலைச்சீட்டைக் காட்டுகிறார்கள். உற்பத்தியாளரைப் பிழியாமல் இவ்வளவு மலிவாக விற்க முடியுமா? எளிய குடும்பத்துக்கு உண்மையிலேயே மிச்சம் உண்டா?

ம.

அன்புள்ள ம.,

மிச்சம் உண்டு. உற்பத்தியாளரை நெருக்குவதும் நடக்கிறது. ஆனால் நெருக்கினால் மட்டும் இந்த விலை வந்துவிடாது. அதன் வேர் சரக்குச் சுழற்சியில், அதாவது வாங்கிய சரக்கு விற்றுத் தீர்ந்து மறுபடி வாங்கப்படும் வேகத்தில் இருக்கிறது.

கொள்முதல் விலைக்கு மேல் 25 சதவீதம் வைத்து ஆண்டுக்கு 4 முறை சரக்கைச் சுழற்றினாலும், 5 சதவீதம் மட்டும் வைத்து 20 முறை சுழற்றினாலும், போட்ட முதலுக்குக் கிடைக்கும் மொத்த லாபம் ஒன்றுதான். 20 முறை என்றால் சரக்கு சுமார் 18 நாளில் விற்றுத் தீர்கிறது. சரக்கு கொடுத்தவருக்கு 30 நாள் கழித்துப் பணம் தந்தால் போதும் என்று பேசியிருந்தால், கடைக்காரர் அதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை, வட்டியும் இல்லை. இந்தத் தவணை 60, 90 நாள் என நீளும்போதுதான் சிறு உற்பத்தியாளர் திணறுகிறார். உங்கள் கவலைக்குரிய இடம் அதுதான். தவணைக்குச் சட்ட வரம்பு வேண்டும் என்பதே என் கருத்தும்.

அடுத்தது கையாளும் செலவு. ஜெர்மனியின் ஆல்டி என்ற தள்ளுபடிக் கடையில் சுமார் 2,000 வகைப் பொருட்கள்தான். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் 30,000 வரை இருக்கும். வகை குறைந்தால் ஒவ்வொரு பொருளையும் மொத்தமாக வாங்கலாம். ஆல்டியில் அட்டைப்பெட்டியோடு அடுக்கில் வைத்துவிடுகிறார்கள், ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் வேலை மிச்சம். பொதியின் பல பக்கங்களில் பார்கோடு அச்சிட்டிருப்பதால் பில் போடுபவர் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை.

இத்தகைய கடைக்குள் காலே வைக்காதவருக்கும் பலன் போகிறது. வால்மார்ட் நுழைந்த அமெரிக்க நகரங்களில் ஷாம்பு, பற்பசை, ஆஸ்பிரின் போன்றவற்றின் சராசரி விலை நீண்டகாலத்தில் 7 முதல் 13 சதவீதம் குறைந்ததாக பொருளியலாளர் எமெக் பாஸ்கர் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வேலைவாய்ப்பில் கணக்கு வேறு: ஒரு வால்மார்ட் ஊழியர் சுமார் 1.4 சில்லறை வணிக ஊழியரின் இடத்தைப் பிடிக்கிறார் என 2008இல் பொருளியலாளர் டேவிட் நியூமார்க் குழு கணித்தது. விலை குறைவதன் பலன் ஊர் முழுக்கப் பரவுகிறது, இழப்பு சிலர் தலையில் மட்டும் விழுகிறது.

எளிய குடும்பத்துக்கு வருவோம். மெக்சிகோவில் வெளிநாட்டுப் பெருங்கடைகள் பற்றிய ஆய்வில் எல்லா வருமானப் பிரிவினருக்கும் சராசரியாகப் பலன் கிடைத்தது, ஆனால் வசதியானவர்களுக்கே கூடுதலாகக் கிடைத்தது. மொத்தமாக வாங்கக் கையில் பணம், வைக்க இடம், போய்வர வண்டி இல்லாதவருக்கு மலிவு எட்டாது.

ஆகவே வாங்கும்போது பொதி விலையை விட்டுவிட்டு 100 கிராம் அல்லது 100 மில்லிக்கு என்ன விலை என்று பாருங்கள். உறையின் அளவு மாறாமல் எடை மட்டும் குறைந்திருந்தால் இப்படித்தான் தெரியவரும். பெரிய பொதி 20 சதவீதம் மலிவு என்றாலும் அதில் ஐந்தில் ஒரு பங்கு கெட்டுப்போனால் லாபம் பூஜ்யம். கால் பங்கு கெட்டால் சுமார் 7 சதவீதம் நஷ்டம். சோப்பு, சலவைத்தூள் போன்று கெடாதவற்றை அங்கே மொத்தமாக வாங்குங்கள், அழுகக்கூடியதை வீட்டுக்கு அருகிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். போய்வரும் செலவையும் பில்லோடு கூட்டிப் பாருங்கள். இருவர் மூவர் சேர்ந்து போய்ப் பெரிய பொதியைப் பிரித்துக்கொண்டால் இடமும் முதலும் இல்லாத குறை பெருமளவு தீரும்.