வில்லியம்ஸ் சின்ட்ரோம்: ஓடி விளையாடுற புள்ளைக்கு ஏன் கிளினிக்?

கேள்வி: மகனுக்கு நாலு வயசு, வில்லியம்ஸ் சின்ட்ரோமாம், எக்கோல (இதய ஸ்கேன்ல) பெருந்தமனி (இதயத்துல இருந்து ரத்தம் கொண்டு போற பெரிய குழாய்) வால்வுக்கு மேல ஒடுக்கமாம், ஆனா நல்லா ஓடுறான், பிறகும் ஏன் கிளினிக்?
- ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, ஓடுறான் எண்டு கிளினிக்க விட்டுடாதீங்க. ஜீன்களச் சுமக்குற 7ஆம் குரோமோசோம்ல ஒரு சின்னத் துண்டு இல்லாம போறதுதான் இந்த நோய், அதோட எலாஸ்டின் ஜீனும் போயிடுது, ரத்தக்குழாய் ரப்பர் மாதிரி விரிஞ்சு சுருங்குறது எலாஸ்டினாலதான், அது குறைஞ்சா சுவர் தடிச்சுக் குழாய் ஒடுங்கும், இதயம் கஷ்டப்பட்டுத் தள்ள வேணும். லேசான ஒடுக்கம் எண்டா எக்கோ பாத்துப் பாத்து இருக்கலாம், கடுமை எண்டா ஆபரேஷன். பிரஷரும் பாக்கச் சொல்லுங்க. பல்லு வைத்தியத்துக்கு எண்டாலும் சரி, மயக்க மருந்து குடுக்க முன்னம் நோய்ப் பேர கட்டாயம் சொல்லுங்க, இந்தப் புள்ளையளுக்கு அதுல ஆபத்து கூட. டொக்டர கேக்காம கல்சியம், விட்டமின் டி வேணாம். வயித்துல இருக்கேக்க நீங்க சாப்பிட்டதோ செஞ்சதோ ஒண்டும் இதுக்குக் காரணமில்ல தங்கச்சி.