தூங்கினால் மூச்சு நின்றுவிடுமா?

தூங்கினால் மூச்சு நின்றுவிடும் என்று பயந்து, ‘விடிய விடிய மல்லாந்து கிடந்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும். நீங்கள் பயப்படும் நோய் இருப்பவரால் அப்படிக் கிடக்க முடியாது.

எக்ஸ்ரே தாளில் ‘வலது உதரவிதானம் சற்றே உயர்ந்துள்ளது’ என்றிருந்ததை இணையத்தில் தேடி, அதை இயக்கும் நரம்பே செயலிழந்துவிட்டதோ என்பது வரை போய்விட்டீர்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும், மூச்சை இழுக்கும் தசைதான் உதரவிதானம். வலது பக்கம், கீழே ஈரல் இருப்பதால், பெரும்பாலோருக்கு இடதைவிட 1, 2 செ.மீ. உயரமாகத்தான் இருக்கும். சாப்பிட்டதும் வரும் விக்கலையும் இமைத் துடிப்பையும் இதோடு முடிச்சுப் போடாதீர்கள். விக்கல் இரண்டு நாள் விடாமல் தொடர்ந்தால் வாருங்கள்.

மூச்சு உங்கள் நினைப்பை நம்பி ஓடவில்லை. மூளையின் அடியில் உள்ள முகுளம், தூக்கத்திலும் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை ஆணை அனுப்புகிறது. கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகளிலிருந்து கிளம்பும் ஃப்ரீனிக் நரம்பு, இதயத்தை ஒட்டி இறங்கி அதை உதரவிதானத்திடம் சேர்க்கிறது. பக்கத்துக்கு ஒன்று. ஒன்று பழுதானாலும், நுரையீரல் நன்றாக இருந்தால், படியேறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும். பலருக்கு அதுகூடத் தெரியாது.

இரண்டும் பலவீனமானால்தான் ஆபத்து. உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுகிறவர், மல்லாந்து படுத்ததுமே திணறி எழுந்துவிடுவார். இதயக் கோளாறிலும் இப்படி வரும் என்பதால் வயிற்றைப் பார்க்க வேண்டும். படுத்து, தொப்புளுக்கு மேல் கை வைத்து மூச்சை இழுங்கள். வயிறு கையைத் தூக்க வேண்டும். உள்ளே குழிந்தால், உதரவிதானம் இறங்காமல் நெஞ்சுப் பக்கம் உறிஞ்சப்படுகிறது. கனவு வரும் தூக்கத்தில் விலாத் தசைகள் தளர்ந்து, உதரவிதானமே முழு பாரத்தையும் சுமக்கும். அது பலவீனமானால் கரியமில வாயு தேங்கி, காலையில் தலைவலியோடு விழிப்பு வரும். ஆக்சிமீட்டர் 96 காட்டுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது கரியமில வாயுவை அளப்பதில்லை.

மூச்சுத் திணறலோடு இமை தொங்கல், இரட்டைப் பார்வை, விழுங்கச் சிரமம், காலில் தொடங்கி மேலேறும் பலவீனம் என எது சேர்ந்தாலும் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். தரையில் படுத்தவர் இமை தொங்க எழுந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் கட்டுவிரியன் கடி என்றே எண்ணி ஓடுங்கள்.

மனம் கேட்கவில்லையென்றால், ஊதும் காற்றின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை உட்கார்ந்தும் படுத்தும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். படுக்கும்போது அளவு 10 சதவீதம் வரை குறைவது இயல்பு. 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் உதரவிதானம் இருபுறமும் பலவீனமோ என்று சந்தேகப்படுவோம்.

பக்கத்து வீட்டில் வாங்கி மூன்று நாளாகப் போடும் தூக்க மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். மூச்சு நின்றுவிடும் என்று பயந்து, மூச்சை மந்தமாக்கும் மருந்தையா தேடிப் போடுவது?