கழற்றி மாட்டும் வெல்டிங் முனை: அப்பீலில் நிற்குமா?

கழற்றி மாட்டக்கூடிய வெல்டிங் கருவிக்குக் காப்புரிமை கேட்டால், 'இது யாருக்கும் தோன்றக்கூடியதுதானே' என்று மறுத்துவிடுகிறார்கள். அப்பீல் போனால் ஜெயிக்குமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே ஒரு எடுத்துக்காட்டு வழக்கை வைத்துப் பதில் சொல்கிறேன். வழக்கு கற்பனை. சட்டம் அமெரிக்கச் சட்டம். நடுவில் நான் சொல்லும் தீர்ப்புகள் உண்மையானவை.

உராய்வுக் கலக்கு வெல்டிங் தெரியாதவர்களுக்கு: 1991இல் இங்கிலாந்தின் டிடபிள்யூஐ நிறுவனத்தில் பிறந்த முறை இது. சுழலும் கருவியை இரண்டு தகடுகளின் இணைப்பில் அழுத்தி நகர்த்துவார்கள். தகட்டுக்குள் இறங்கும் பகுதி முனை. தகட்டின் மேல் உரசுவது தோள். உலோகம் உருகாது, களி மாதிரி இளகிக் கலந்து ஒட்டிக்கொள்ளும். நம் விண்ணப்பதாரர் முனையைத் தனித் துண்டாக்கி, தேய்ந்தால் அதை மட்டும் மாற்றும்படி செய்தார். காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டினார். ஒன்றில் ஒரே துண்டாகச் செய்த உராய்வு வெல்டிங் கருவி. மற்றதில் செட் ஸ்குரூ (பக்கவாட்டில் இறுக்கும் சிறு திருகு) வைத்துப் பிடிக்கும், மாற்றக்கூடிய வெட்டு முனை. இரண்டையும் சேர்த்தால் உங்கள் கருவி என்று மறுத்தார். அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியமும் ஆமாம் என்றது.

கேள்வி (பணிமனை நடத்துபவர்): மேடம், அந்த இரண்டு ஆவணத்திலும் என் கருவி முழுசாக இல்லையே. அப்புறம் எப்படி மறுக்கிறார்கள்?

முழுசாக ஒரே ஆவணத்தில் இருந்தால் அது புதுமையே இல்லை; அது 102ஆம் பிரிவு. உங்களை மறுத்தது 103ஆம் பிரிவில். அங்கே கேள்வி வேறு: இந்தத் தொழிலில் சாதாரணத் தேர்ச்சி உள்ளவருக்கு, பழையவற்றை எல்லாம் முன்னால் வைத்தால், இது தோன்றியிருக்குமா?

இதை எப்படி எடைபோடுவது என்று 1966இல் உச்ச நீதிமன்றம் கிரஹாம் எதிர் ஜான் டீர் வழக்கில் வகுத்துக் கொடுத்தது. பழையதில் என்ன இருக்கிறது, உங்களுடையதற்கும் அதற்கும் வித்தியாசம் என்ன, அந்தத் தொழிலில் சாதாரணத் தேர்ச்சி எவ்வளவு என்று மூன்றையும் பார்க்க வேண்டும். வணிக வெற்றி போன்ற வெளிச் சான்றுகள் அதற்குத் துணை. அந்த வழக்கும் கருவி வழக்குதான்: கல்லில் மோதினால் முறியாமல் வளைந்து கொடுக்கும் கலப்பைத் தண்டின் கிளாம்ப். பாகங்களை இடம் மாற்றி வைத்தது போதாது என்று காப்புரிமை செல்லாமல் போனது.

ஆகவே 'முதல் ஆவணத்தில் இது இல்லை, இரண்டாவதில் அது இல்லை' என்று தனித்தனியாக அடிப்பது வீண். 1981இலேயே கெல்லர் வழக்கில் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டார்கள். இருந்தும் என் மேசைக்கு வரும் பாதி வரைவுகளில் அதுதான் முதல் வாதம்.

கேள்வி (சட்ட மாணவர்): அக்கா, 'இரண்டையும் சேர்' என்று எந்த ஆவணமாவது சொல்லியிருக்க வேண்டும் என்று படித்தேனே?

பழைய பாடப் புத்தகம் தம்பி. ஃபெடரல் சர்க்யூட், அதாவது வாரியத்துக்கு மேல் காப்புரிமை அப்பீல்களைக் கேட்கும் நீதிமன்றம், அதைக் கறாராகக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. 2007இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியைத் தளர்த்திவிட்டது. நகர்த்தி வைக்கக்கூடிய பெடலில் மின்னணு சென்சார் பொருத்தியதுதான் அங்கே விஷயம். சாதாரணத் தேர்ச்சி உள்ளவருக்கும் சாதாரணக் கற்பனை உண்டு, அவர் இயந்திரப் பொம்மை இல்லை என்றது நீதிமன்றம்.

ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொல்கிறது: சேர்ப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அதை விளக்கிச் சொல்ல வேண்டும். 'பொது அறிவு' என்று ஒரு சொல்லைப் போட்டு முடித்துவிட முடியாது. 2016இல் நுவேசிவ் வழக்கில், சேர்ப்பதற்கான காரணத்தை வாரியம் சரியாக விளக்கவில்லை என்று தீர்ப்பை ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள். நம் வாரியம் காரணம் சொல்லியிருக்கிறது: முனை சீக்கிரம் தேயும், முழுக் கருவியையும் வீசுவது நஷ்டம், அதனால் முனையை மட்டும் மாற்ற யாருக்கும் தோன்றும். காரணம் பலமானதுதான், மறுக்க மாட்டேன்.

கேள்வி (பணிமனை நடத்துபவர்): அப்படியானால் 'கழற்றலாம்' என்றாலே தோல்விதானா?

வெறும் 'கழற்றலாம்' என்றால், பெரும்பாலும் ஆமாம். பரிசோதகர்கள் சட்டைப் பையிலேயே வைத்திருக்கும் தீர்ப்பு ஒன்று உண்டு: 1961, டல்பர்க். லிப்ஸ்டிக் குழாய் வழக்கு. பழைய குழாயில் மூடி இறுக்கி அடிக்கப்பட்டிருந்தது, கையால் கழற்ற வராது. விண்ணப்பதாரர் கழற்றும்படி செய்தார். மூடி இருக்கும் குழாய் நுனியை அணுக ஏதோ ஒரு காரணம் இருந்தால், மூடியைக் கழற்றும்படி செய்யத் தோன்றுவது இயல்பே என்று நீதிமன்றம் முடித்துவிட்டது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் இன்னொன்று, எனக்குப் பிடித்தது: 1983, ஷெங்க் எதிர் நார்ட்ரான். சக்கரச் சமநிலை பார்க்கும் இயந்திரத்தின் தாங்கி. முன்பு நான்கு துண்டுகளைப் போல்ட் போட்டு இணைத்திருந்ததை ஒரே துண்டாக வார்த்தார்கள். 'நாலை ஒன்றாக்கினால் என்ன கண்டுபிடிப்பு?' என்று எதிர்த் தரப்பு கேட்டது. ஆனால் அந்தத் தொழிலில் எல்லோரும் அதிர்வை அடக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். இடைவெளியே இல்லாத ஒற்றைத் துண்டாக்கினால் அடக்க வேண்டிய தேவையே போய்விடும் என்று இவர் கண்டார். ஊரே ஒரு பக்கம் நினைக்க இவர் மறுபக்கம் போனார். காப்புரிமை நின்றது.

பிரித்தீர்களா சேர்த்தீர்களா என்பது பெரிதில்லை. பிரிக்கக் கூடாது என்று தொழிலில் எல்லோரும் நினைக்க ஏதாவது காரணம் இருந்ததா, அதை மீறி எப்படி வேலை செய்ய வைத்தீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் வழக்கு இருக்கிறது.

கேள்வி (கருவி வடிவமைப்பாளர்): காரணம் இருக்கிறதே! வெட்டு முனையும் இதுவும் ஒன்றா? எங்கள் முனையைப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று வாரியத்துக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்றால் யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம். நீங்கள் எழுதிய நீண்ட கேள்வியில் இருந்தே எடுக்கிறேன், ஏனென்றால் அதில்தான் சரக்கு இருக்கிறது.

அலுமினியம் வெல்டிங்கில் முனையைச் சுற்றி 400, 500 டிகிரி செல்சியஸ் வரை சூடு. முனை சுழல்கிறது, கூடவே பக்கவாட்டில் இழுபடுகிறது. பல முனைகளில் மரை வெட்டியிருக்கும். இளகிய உலோகத்தைக் கீழே தள்ளுவதற்காக. முனைக்கும் அதைப் பிடிக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் இளகிய அலுமினியம் அதற்குள் ஏறி உறைந்துவிடும். அடுத்த நாள் செட் ஸ்குரூவைத் தளர்த்தி இழுத்தால் முனை வராது. சுத்தியலால் தட்டினால் முனை முறியும். கழற்றுவதற்கென்று செய்த முனையைக் கழற்றவே முடியவில்லை! இறுக்கிப் பிடித்தால் சூட்டில் விரிந்து மாட்டிக்கொள்கிறது. தளர்வாக விட்டால் உலோகம் ஏறுகிறது. வெட்டு முனைக்கு இந்தத் தொல்லை இல்லை. சில்லு வெளியே போய்விடும்.

இதுதான் வாதம். பழைய செட் ஸ்குரூ அமைப்பை அப்படியே கொண்டுவந்து வைத்தால் வேலையே நடக்காது என்று காட்ட வேண்டும். 1984 கார்டன் வழக்கு உங்கள் பக்கம்: ரத்த வடிகட்டி வழக்கு. பழைய வடிகட்டியைத் தலைகீழாகத் திருப்பினால் புதியது வந்துவிடும் என்றது அலுவலகம். திருப்பினால் பழையது தன் வேலையையே செய்யாதே, அப்புறம் யார் திருப்புவார்கள் என்றது நீதிமன்றம்.

இப்போது கசப்பான பாதி. உங்கள் கிளெய்மை, அதாவது எதற்குக் காப்புரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் வாசகத்தை, எடுத்துப் படித்தேன். 'தண்டுடன் கழற்றக்கூடிய வகையில் இணைந்த முனை' என்று இருக்கிறது, அவ்வளவுதான். உலோகம் ஏறாமல் தடுக்கும் கூம்பு இருக்கையோ (முனை உட்காரும் கூம்பு வடிவக் குழி), தோளுக்கு மேலே மூடும் விளிம்போ கிளெய்மில் இல்லை. விளக்கவுரையில் ஒரே ஒரு வாக்கியத்தில் வருகிறது. எழுதாத சிறப்புக்கு யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள். கிளெய்ம் விரிவாக இருந்தால் நல்லது என்று ஆசைப்பட்டு, உங்களைக் காப்பாற்றும் பாகத்தையே வெளியே விட்டுவிட்டீர்கள்.

கேள்வி (சட்ட மாணவர்): வெட்டும் கருவியை வெல்டிங்குக்கு எதிராகக் காட்டலாமா? வேறு துறை இல்லையா?

காட்டலாம். ஒரே துறையாக இருக்க வேண்டும், அல்லது கண்டுபிடித்தவர் எதிர்கொண்ட சிக்கலோடு நியாயமான தொடர்பு இருக்க வேண்டும். 2004 பிகியோ வழக்கில் தலைவாரும் பிரஷுக்கு எதிராகப் பல் துலக்கும் பிரஷைக் காட்டியது நின்றது. 1992 கிளே வழக்கில் எண்ணெய்த் தொட்டிக்கு எதிராக நிலத்தடிப் பாறை சம்பந்தப்பட்ட ஆவணத்தைக் காட்டியது நிற்கவில்லை. சுழலும் தண்டில் தேயும் முனையைப் பிடிப்பது இரண்டுக்கும் பொதுவான சிக்கல். இதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி (விற்பனைப் பிரிவில் இருப்பவர்): கருவி நன்றாக விற்கிறது சார். அது சான்றாகாதா?

மேடம். ஆகும், ஆனால் விற்பனைக்கும் கிளெய்மில் உள்ள அம்சத்துக்கும் நேரடித் தொடர்பு காட்ட வேண்டும். நல்ல விளம்பரத்தால் விற்றதா, விலையால் விற்றதா என்றுதான் முதலில் கேட்பார்கள். அதைவிட, மற்றவர்கள் இதே முனையைப் பிரிக்க முயன்று தோற்ற பதிவுகள் கிடைத்தால் கொண்டுவாருங்கள். அதற்கு எடை அதிகம்.

கேள்வி (கருவி வடிவமைப்பாளர்): உலோகம் ஏறுவதைக் காட்ட இப்போது சோதனை செய்து, படத்தோடு ஃபெடரல் சர்க்யூட்டில் கொடுத்தால்?

வாங்க மாட்டார்கள். அந்த நீதிமன்றம் அலுவலகத்தின் கோப்பில் உள்ளதை மட்டுமே பார்க்கும். சோதனை முடிவுகளை உறுதிமொழியோடு பரிசோதகரிடமே கொடுத்திருக்க வேண்டும். வாரியத்துக்குப் போன பிறகுகூட வாசல் ஏறக்குறைய மூடியாகிவிட்டது.

இன்னொரு சங்கதி. பழைய ஆவணம் என்ன சொல்கிறது, சேர்க்கக் காரணம் இருந்ததா என்பவை உண்மை பற்றிய முடிவுகள். அவற்றுக்குப் போதுமான சான்று கோப்பில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். 1999 சுர்கோ வழக்கையொட்டி 2000 கார்ட்சைட் வழக்கில் வந்த அளவுகோல் அது. 'நானாக இருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருப்பேன்' என்று நீதிபதி நினைத்தாலும் மாற்ற மாட்டார். கடைசிச் சட்ட முடிவை மட்டும் புதிதாக எடைபோடுவார்கள்.

புதுச் சான்று கொடுக்க ஒரு வழி உண்டு: 145ஆம் பிரிவின்படி வர்ஜீனியா கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. அங்கே புதுச் சான்று தரலாம் என்று 2012இல் கப்போஸ் எதிர் ஹயட் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் அலுவலகத்தின் செலவு உங்கள் தலையில். அலுவலக வழக்கறிஞர்களின் சம்பளம் அந்தச் செலவில் சேராது என்று 2019இல் வந்த தீர்ப்பு கொஞ்சம் ஆறுதல். எந்த வழியானாலும் வாரியத் தீர்ப்பிலிருந்து 63 நாட்கள்.

கேள்வி (சட்ட மாணவர்): தீர்ப்பே எழுதாமல் தள்ளுபடி செய்வார்களாமே?

செய்வார்கள். ஃபெடரல் சர்க்யூட்டின் விதி 36. வாய்வழி வாதம் முடிந்து சில நாட்களில் 'உறுதி செய்யப்பட்டது' என்று ஒரே சொல். காரணம் கிடையாது. ஒரு முறை எனக்கே வந்தது. கட்சிக்காரரிடம் தொலைபேசியில் என்ன விளக்கம் சொல்வது என்று அரை மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி (பணிமனை நடத்துபவர்): இந்தியாவில் இதே கதைதானா?

சொற்கள் வேறு, மனநிலை ரொம்ப வேறில்லை. 1978இல் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், பாத்திரத்தைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்துக் கடையும் கருவி பற்றித்தான் உச்ச நீதிமன்றம் பேசியது. வெறும் பட்டறை மேம்பாடு போதாது என்றது. ஐரோப்பாவில் 'செய்திருக்க முடியுமா' என்று கேட்க மாட்டார்கள், 'செய்திருப்பாரா' என்று கேட்பார்கள். உங்கள் அலுமினியம் ஏறும் கதைக்கு அந்தக் கேள்வி வசதி.

கேள்வி (கருவி வடிவமைப்பாளர்): கடைசியாகக் கேட்கிறேன். அப்பீல் போகட்டுமா?

இந்தக் கிளெய்மோடு வேண்டாம். வாரியத் தீர்ப்பு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று முதலில் பாருங்கள். 63 நாள் முடிவதற்குள், விண்ணப்பம் உயிரோடு இருக்கும்போதே, பரிசீலனையைத் தொடரும் கோரிக்கையோ தொடர் விண்ணப்பமோ போடுங்கள். கூம்பு இருக்கையைக் கிளெய்முக்குள் கொண்டுவாருங்கள், சோதனைப் படங்களை உறுதிமொழியோடு சேருங்கள். விளக்கவுரையில் அந்த ஒரு வாக்கியம் இருந்ததால் தப்பித்தீர்கள். அதுவும் இல்லையென்றால் புதிதாகச் சேர்க்கச் சட்டம் விடாது. மாட்டிக்கொண்ட முனையை அறுத்தெடுத்தீர்கள் என்று எழுதியிருந்தீர்களே, அந்தத் துண்டை வீசிவிடவில்லைதானே? குறுக்கே வெட்டி, இடைவெளியில் அலுமினியம் ஏறியிருப்பது தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.