அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஹோமர் வரிகளை விட்டுவிடலாமா?

கேள்வி: இலியட்டை மொழிபெயர்ப்பில் படிக்கிறேன். சில வரிகள் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன. குறிப்பில் ‘அரிஸ்டார்க்கஸ் ஏற்கவில்லை’ என்று வருகிறது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னவரா இவர்? அந்த வரிகளைத் தாண்டிப் போகலாமா?

பதில்: தாண்ட வேண்டாம். அரிஸ்டார்க்கஸே அவற்றைத் தாண்டவில்லை.

முதலில் ஆள் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வானியல்காரர் சாமோஸ் தீவுக்காரர். உங்கள் குறிப்பில் வருபவர் சாமோத்ராகே தீவுக்காரர், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவர். கி.மு. 145இல் எட்டாம் தாலமி எகிப்தில் ஆட்சியைப் பிடித்ததும் சைப்ரஸுக்குத் தப்பிப் போய், அங்கேயே இறந்தார்.

அவர் காலத்திலேயே ஹோமருக்கு ஏகப்பட்ட பாடபேதங்கள். இடைச்செருகல் என்று ஒரு வரியைச் சந்தேகித்தால், பெரும்பாலும் அவர் அதை வெட்டமாட்டார். இடது ஓரத்தில் ஒரு சின்னக் கிடைக்கோடு போடுவார். ஒபெலோஸ் என்று அதற்குப் பெயர். காரணம் வேறொரு சுருளில், உரையில் இருக்கும். கோட்டைப் பார்த்தவர் அந்தச் சுருளை எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் காண்டத்தில் 29 முதல் 31 வரையான வரிகளைப் பாருங்கள். மகளை மீட்க வந்த பூசாரியிடம் கிரேக்கப் படைகளின் தலைவனான அரசன் அகமெம்னான், அவள் ஆர்கோஸில் என் வீட்டில் தறி நெய்துகொண்டு, என் படுக்கைக்கு வந்துகொண்டு, அங்கேயே கிழவியாவாள் என்கிறான். மூன்று வரிக்கும் கோடு விழுந்தது. மிரட்டலின் வேகத்தை இவை குறைக்கின்றன, அரசன் பேசும் பேச்சும் இது அல்ல என்பது வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்த வரிகள் இல்லாவிட்டால் அவன் திமிர் பாதிதான் தெரியும்.

சொற்களில்தான் அவர் அசகாய சூரர். ‘ஃபோபோஸ்’ என்றால் பிற்காலக் கிரேக்கத்தில் பயம். நாம் சொல்லும் ‘ஃபோபியா’ அதன் வழி வந்ததுதான். ஹோமரிலோ அது பயந்து ஓடுவதைக் குறிக்கும் என்று, ஹோமரின் வரிகளை வைத்தே காட்டினார்.

அவருடைய நூல்கள் அழிந்துவிட்டன. வெனிஸில் உள்ள 10ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றின் ஓரக்குறிப்புகள் அவர் கருத்துகள் பலவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தன. அது 1788இல் அச்சேறியது.

சரி, குறிப்பைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘சந்தேகத்துக்குரியது’ வேறு, ‘கையெழுத்துப் பிரதிகளில் இல்லை’ வேறு. 9ஆம் காண்டத்தின் 458–461 இரண்டாவது வகை. தன் தந்தையைக் கொல்ல நினைத்ததாக, அகிலீஸை வளர்த்த கிழவர் ஃபீனிக்ஸ் சொல்லும் அந்த வரிகளை அரிஸ்டார்க்கஸ் பயந்து நீக்கிவிட்டார் என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அவை நமக்குக் கிடைப்பதும் புளூட்டார்க் மேற்கோள் காட்டியதால்தான். கோடு போட்டுவிட்டு வரியை விட்டுவைக்கிற மனிதர் இப்படிச் செய்திருப்பாரா என்று அறிஞர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள்.

அப்புறம், ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசி படிக்கப் போனால் 23ஆம் காண்டத்தின் 296ஆம் வரியில் இவரை மறுபடி சந்திப்பீர்கள். காவியத்தின் முடிவு அதுதான் என்றார்கள் இவரும் இவருடைய ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸும். அதற்குப் பிறகு இன்னும் 600க்கு மேல் வரிகள் இருக்கின்றன. அவற்றையும் விடாமல் படியுங்கள்.