தீயணைப்புத் துறைக்குப் போக விரும்பும் மகனைப் பற்றி ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கள் மகன் தீயணைப்புத் துறைக்குத்தான் போவேன் என்று உறுதியாக நிற்பதையும், அந்த வேலையின் ஆபத்தை நினைத்துத் தாங்கள் தூக்கமின்றித் தவிப்பதையும், தனியார் நிறுவனம் ஒன்று ஓராண்டு ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ டிப்ளமோவுக்கு இந்த வாரத்துக்குள் பணம் கட்டச் சொல்வதையும் எழுதியிருந்தீர்கள். கெடு இருப்பது பணத்துக்குத்தான் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

அந்தப் படிப்பு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் பாதுகாப்புப் பணிக்குச் செல்பவர்களுக்கு அது உதவலாம். ஆனால் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் தீயணைப்பாளராகச் சேர அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று பணிகளுக்கும் சேர்த்து நடத்தும் பொதுத் தேர்வின் வழியாகவே ஆள் எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தேர்வானவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது துறையே, அதுவும் சம்பளத்தோடு. ‘அரசு வேலை உறுதி’ என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டிவிட்டு, பிறகு என்னிடம் வந்து கண்கலங்கிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். தாங்கள் கட்டுவதற்கு முன்பே எழுதியது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. அதில் 40 விழுக்காடு எடுக்காதவரின் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதன்மைத் தாளில் பொது அறிவோடு உளவியல் வினாக்களும் வரும். அதற்குப் பிறகுதான் உடலைச் சோதிப்பார்கள். பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் உயரம் 170 செ.மீ., பட்டியல் வகுப்பினருக்கு 167 செ.மீ.; மார்பளவு 81 செ.மீ. இருந்து, மூச்சை இழுக்கும்போது இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும், 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும், கயிறு ஏற வேண்டும். இந்த எண்களை இப்போதே தருவதற்குக் காரணம் உண்டு. இரண்டாண்டு இரவு பகலாகப் படித்த மாணவன் ஒருவன் உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்து வெளியே வந்ததை அறிவேன். படிப்பைத் தொடங்கும் முன் அளவெடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நிறக்குருடு போன்ற பார்வைக் குறைகளும் மருத்துவச் சோதனையில் தடையாகலாம் என்பதால் கண்ணையும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

இனி தங்கள் அச்சத்துக்கு வருகிறேன். ஆபத்து இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பருத்தியும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டைகின் என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில்தான் தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது. சென்னையிலும் 2012 ஜனவரியில் எழிலகம் என்ற அரசு அலுவலக வளாகத்தில் தீப்பிடித்தபோது தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அன்று உள்ளே சென்ற கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயம் அடைந்தார்.

ஆயினும் இது கண்ணை மூடிக்கொண்டு நெருப்புக்குள் பாயும் வேலை அல்ல. தீத்தொண்டு வாரத்தில் மாணவர்களை ஒரு நிலையத்துக்கு அழைத்துச் சென்றபோது, வீரர் ஒருவர் மூச்சுக் கருவியை மாட்டிக் காட்டினார். உருளையின் வால்வைத் திறந்து அழுத்தமானியைப் பார்த்தார், முகமூடியின் வாரை இழுத்துக் காற்று கசிகிறதா என்று தொட்டுச் சோதித்தார், பிறகு மறுபடியும் அழுத்தமானியைப் பார்த்தார். காற்று குறையும்போது அந்தக் கருவி விசில் ஊதும். விசில் கேட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் வெளியே வந்துவிட வேண்டும் என்று மாணவர்களிடம் இரண்டு முறை சொன்னார். அந்த ஒழுங்குதான் அவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே, தங்கள் மகன் துணிச்சலானவனா என்பதைவிட, சொன்னதைச் சொன்னபடி செய்பவனா என்பதையே நான் அறிய விரும்புகிறேன்.

1908-இல் மதராஸ் நகருக்கென்று தொடங்கிய தீயணைப்புப் படையிலிருந்து வளர்ந்த இத்துறைக்கு, இன்று தீயைவிட மீட்பு அழைப்புகளே அதிகம் என்பதையும் அவன் அறிந்திருக்கட்டும். வீட்டுக்குள் புகுந்த பாம்பு, கிணற்றில் விழுந்த மாடு, வெள்ளத்தில் சிக்கிய முதியவர் என்று நாளெல்லாம் மணி அடிக்கும். தீபாவளி இரவு வீட்டில் இருக்க முடியாது. ஊரே வெடி வெடிக்கும் அந்த இரவில்தான் 4,500 லிட்டர் நீர் நிரப்பிய வண்டியோடு அவர்கள் தயாராகக் காத்திருப்பார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைவேய்ந்த பள்ளியில் 94 குழந்தைகள் கருகிய பிறகு, பள்ளிகளையும் கட்டடங்களையும் ஆய்வு செய்து சான்றளிக்கும் வேலையின் எடை எல்லோருக்கும் புரிந்தது. தீ பிடிக்கும் முன்பே செய்யும் அந்த வேலையைத்தான் இத்துறையின் மிகப் பெரிய தொண்டு என்று நான் கருதுகிறேன்.

தீயணைப்பாளரின் அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் அவன் பட்டப்படிப்பை விட்டுவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பட்டம் இருந்தால், தேர்வு வாரியம் நடத்தும் தேர்வை எழுதி 36,900 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் நிலைய அலுவலராகச் சேரலாம், டி.என்.பி.எஸ்.சி. குரூப்-1 எழுதி மாவட்ட அலுவலராகவே நுழையலாம். பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் 2003-இல் அதிகாரிகளாகவே பணியில் சேர்ந்தவர்கள். தங்கள் இளைய மகளிடமும் இதைச் சொல்லுங்கள். பொதுப் பிரிவினருக்கு 26 வயது வரையிலும், பிற்படுத்தப்பட்டோருக்கு 28 வரையிலும் தீயணைப்பாளர் தேர்வு எழுதலாம் என்பதால், கல்லூரியில் படித்துக்கொண்டே முயல அவனுக்குக் காலம் இருக்கிறது.

நாளைக் காலை அவனைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்துவிடுங்கள். பிறகு, மைதானத்தில் 1,500 மீட்டர் ஓடவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாளே 7 நிமிடத்துக்குள் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதியனுப்புங்கள்.