சாணியின் சூடு தணியட்டும்: மண்புழுத் தீனி பற்றி வந்த கேள்விகள்

மண்புழு மண்ணைத் தின்னும் என்று பள்ளியில் படித்தோம். உரத்தொட்டிக்குப் புழு விற்பவர்களோ சாணமும் காய்கறிக் கழிவும் போடச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டும் சரிதான், புழுக்கள்தான் வேறு. தமிழக வயல்களில் பரவலாகக் காணப்படும் லாம்பிட்டோ மாரிட்டி போன்றவை வளை தோண்டி மண்ணுக்குள் வாழ்பவை. மண்ணை விழுங்கி, அதிலுள்ள மட்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குறுணை குறுணையாக வெளியே தள்ளும். தொட்டிக்கு விற்கப்படும் ஆப்பிரிக்கப் புழு (யூட்ரிலஸ் யூஜினியே), சிவப்புப் புழு (ஐசீனியா ஃபெடிடா), இந்தப் பகுதிக்கே உரிய பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகிய மூன்றும் சருகும் சாணமும் குவிந்த இடத்தில் மேலாக வாழ்பவை. வெறும் மண்ணில் இவற்றுக்குப் பிழைப்பில்லை. உரப்புழுவைக் கிலோக் கணக்கில் வாங்கி வயலில் விடுவது காசுக்குக் கேடு. மூடாக்குப் போட்டு ஈரம் காத்தால் வயல்புழு தானாகப் பெருகும்.

எந்த மண்புழுவுக்கும் பல் கிடையாது. நைந்ததை உறிஞ்சி விழுங்கும், உள்ளே அரைவைப்பையில் கிடக்கும் மணல் துகள்கள் அதை அரைக்கும். கழிவின் மேல் வளரும் பாக்டீரியாவும் பூஞ்சையும்தான் அதற்குச் சத்தான சாப்பாடு. பச்சை முட்டைக்கோஸ் இலை நாலைந்து நாள் சீண்டப்படாமல் கிடந்து, அழுகத் தொடங்கியதும் ஒரே இரவில் சல்லடையாவது இதனால்தான். தொட்டியில் ஒரு பிடி தோட்டமண்ணோ பொடித்த முட்டை ஓடோ தூவி வைத்தால் அரைவைக்கு உதவும்.

பசுஞ்சாணம் போட்ட மறுநாளே புழுக்கள் தொட்டி ஓரத்துக்கு ஓடிவிட்டன, பாதி செத்தும் போயின. சாணம்தானே நல்ல தீனி?

நல்ல தீனிதான், ஆனால் புதுச்சாணம் அல்ல. அன்றைய சாணத்தைக் குவித்தால் உள்ளே சூடேறும், அம்மோனியா கிளம்பும். புழுவுக்கு 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் சுகம், 35-ஐத் தாண்டினால் ஆபத்து. தோல் வழியே மூச்சு விடும் உயிருக்கு அம்மோனியா நேரடி நஞ்சு.

சாணத்தை நிழலில் ஓரடி உயரத்துக்குப் பரப்பி, அதே அளவு காய்ந்த இலையோ நறுக்கிய வைக்கோலோ கலந்து, லேசாக நீர் தெளித்து 15 முதல் 20 நாள் விடுங்கள். வாரம் இருமுறை கிளறுங்கள். நடுவில் கையை விட்டால் வெதுவெதுப்பு தெரியக் கூடாது, மூக்கில் காரநெடி ஏறக் கூடாது. அப்போதும் மொத்தமாகக் கொட்டாதீர்கள். கொட்டாங்கச்சி ஒன்றில் இரண்டு பிடி சாணம் வைத்து மேலே பத்துப் புழுவை விட்டு, ஈரச்சாக்குத் துண்டால் மூடுங்கள். விடிந்ததும் பாருங்கள். உள்ளே போயிருந்தால் தீனி தயார். மேலேயே சுருண்டு கிடந்தாலோ சாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தாலோ இன்னும் ஒரு வாரம் ஆறட்டும்.

மாட்டுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்திருந்தால், குறிப்பாக ஐவர்மெக்டின் கொடுத்திருந்தால், அடுத்த சில வாரச் சாணத்தைத் தனியே குவித்து நன்றாக மட்கவிடுங்கள். மருந்து சாணத்தோடுதான் வெளியே வருகிறது. கோழி எருவில் அம்மோனியாவும் உப்பும் இன்னும் அதிகம். முழுதாக மட்காமல் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் கரைசல் அருமையான தீனி. இரண்டு மூன்று நாள் பரப்பிக் காற்றாடவிட்டுப் போட்டால் போதும்.

ஒரு கிலோ புழு வாங்கினேன். தினமும் எவ்வளவு போட வேண்டும்?

புழு தன் எடையளவு தினமும் தின்னும் என்று விளம்பரங்களில் சொல்வதை நம்பித்தான் பலர் தொட்டியை நாறடிக்கிறார்கள். நல்ல நிலையில் உடல் எடையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தொட்டியில் அதுவும் ஆகாது. முதல் இரண்டு வாரம் ஒரு கிலோ புழுவுக்கு நாளைக்கு 200 கிராம், பிறகு மெல்ல 400, 500 கிராம். தினமும் போடுவதைவிட மூன்று நாளுக்கு ஒருமுறை போடுவது மேல்.

தொட்டி முழுக்கப் பரப்பாமல் ஒரு பக்கமாக, இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் வைத்து, மேலே சருகோ கிழித்த செய்தித்தாளோ மூடுங்கள். பிடிக்காவிட்டால் புழு ஒதுங்க மறுபக்கம் இருக்கும். அடுத்த முறை மூடியை விலக்கிப் பாருங்கள். பழைய தீனி அடையாளம் தெரியும்படி கிடந்தால் அன்றைக்குப் போட வேண்டாம். புழு ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது, மிஞ்சிய தீனி புளித்தால் செத்துவிடும்.

ஈரத்துக்குக் கைதான் அளவுகோல். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம்.

அடுக்ககத்தில் பிளாஸ்டிக் தொட்டி வைத்திருக்கிறேன். சமையலறையில் மிஞ்சுவதில் எது ஆகும், எது ஆகாது?

காய்கறித் தோல், கீரைத்தண்டு, வாழைப்பழத்தோல், பூசணி, தர்பூசணி மட்டை, சர்க்கரை போகக் கழுவிய தேயிலைச் சக்கை, காபிச் சக்கை எல்லாம் போடலாம். பொடியாக நறுக்கினால் சீக்கிரம் நையும். உப்பும் புளியும் எண்ணெயும் சேர்ந்த சாம்பார், பொரியல், ஊறுகாய், கறி, மீன், பால், தயிர் ஆகாது. எலுமிச்சைத் தோலையும் வெங்காயம், பூண்டு, மிளகாய்க் கழிவையும் ஒதுக்கிவிடுங்கள். பழைய சோறு ஒரு பிடி பரவாயில்லை, ஒரு குண்டான் போட்டால் புளித்துச் சூடேறும். பூக்கடைக் கழிவில் மருந்து தெளித்த ரோஜாவும் மல்லியும் வரும், அதைத் தனியே மட்கவைத்த பிறகே தொட்டிக்குக் கொண்டுவாருங்கள்.

ஊட்டம் ஏறட்டும் என்று கடலைப் பிண்ணாக்கும் தவிடும் போட்டேன். புழுக்கள் பாசிமணி கோத்ததுபோல் அங்கங்கே புடைத்து, துண்டு துண்டாகிச் சாகின்றன.

புரதம் மிகுந்த தீனி ஈரத்தில் புளித்ததால் வந்தது. புடைத்துப்போனவை பிழைப்பது அரிது, மற்றவற்றைக் காப்பாற்றுங்கள். பிண்ணாக்கு கிடக்கும் இடத்தைப் புழுவோடு அள்ளி வெளியே எடுத்து, படுக்கையை, அதாவது புழு வாழும் அடுக்கை, விரலால் பொலபொலவென்று கிளறிவிட்டு, காய்ந்த இலையையோ கிழித்த அட்டையையோ தாராளமாகக் கலந்து, பத்து நாள் தீனியை நிறுத்துங்கள். புளிப்பைத் தணிக்க முட்டை ஓட்டுத்தூள் தூவலாம். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம், அது புழுவைச் சுட்டுவிடும்.

தென்னை நார்க்கழிவும் வாழைமரமும் நிறையக் கிடக்கின்றன. தீனியாகுமா?

வாழை பிரமாதம். மரத்தைச் சில்லுச் சில்லாக வெட்டி, ஒரு வாரம் வாடவிட்டு, சாணத்தோடு மட்கவைத்துப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் அதன் நீரே தொட்டியைச் சேறாக்கும். தாமிரப் பூஞ்சைக்கொல்லி தெளித்த தோட்டமென்றால் இலையை விட்டுவிடுங்கள், தாமிரம் புழுவுக்கு ஆகாது.

நார்க்கழிவில் சத்தைவிட லிக்னின் (எளிதில் மட்காத மரப்பொருள்) அதிகம், கரிமச்சத்து தழைச்சத்தைப் போல் நூறு மடங்குக்கு மேல். அப்படியே போட்டால் புழு தொடாது. உப்புப்போக அலசி, படுக்கைக்கு அடியில் மூன்று அங்குலம் விரிப்பதற்கு நல்லது. தீனியாகவே வேண்டுமென்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில், டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு இரண்டு மாதம் மட்கவைத்த பிறகு போடுங்கள்.

மழை இரவில் புழுக்கள் கூட்டமாகச் சுவரேறி வெளியே போய்விட்டன. தீனி போதவில்லையா?

தீனிக் குறையாக இருக்காது. பெரியோனிக்ஸ் வகைக்கு மழை நேரத்தில் இப்படிக் கிளம்பும் பழக்கம் உண்டு. அன்றிரவு தொட்டிக்கு மேலே சிறு விளக்கு எரியவிடுங்கள், வெளிச்சத்துக்கு அஞ்சி உள்ளேயே இருக்கும். மழையில்லாத நாளிலும் ஓடினால்தான் தீனியையும் ஈரத்தையும் சந்தேகப்பட வேண்டும்.

எறும்பு மொய்க்கிறது. மருந்து போடலாமா?

கூடாது. படுக்கை காய்ந்திருக்கிறது அல்லது இனிப்பான பழத்தோல் மூடாமல் கிடக்கிறது. நீர் தெளித்து, தீனியை மூடி, தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.